கைக்குப் பழகிப்போன ஆட்டம்

நம் இல்லத்தில் பழைய அம்பாசிடர் கார் ஒன்று உண்டு. 1994-ஆம் ஆண்டு வண்டி. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கச் சென்றதும், உறவினரின் திருமணங்களுக்கும் துக்க வீடுகளுக்கும் சென்று வந்ததும் அதிலேதான். கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1957-ஆம் ஆண்டு தொடங்கிய அம்பாசிடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. எனினும் இன்றும் சில வீட்டு வாசல்களில் அவ்வண்டி நிற்கக் காண்கிறோம். அத்தகைய பழைய வண்டியை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு நம் அனுபவம் பயன்படலாம் என்பதால் இத்திங்கள் இதை எழுதுகிறோம்.

சென்ற கோடை விடுமுறைக்குத் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த தம்பி, அவசர வேலையாக நம் வண்டியை எடுத்துச் சென்றார். திரும்பி வந்து சாவியை மேசைமீது வைத்தவர், "அண்ணா, ஸ்டியரிங் இப்படி ஆடுகிறதே, எப்படி ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். நமக்கு வியப்பு, சற்றுக் கோபமுங்கூட. முந்தின நாள்தானே ஓட்டினோம், ஒரு குறையும் தெரியவில்லையே என்று விடையிறுத்தோம்.

குறை தெரியாததற்குக் காரணம் பின்னரே விளங்கிற்று. ஸ்டியரிங் மூட்டுகள் ஒரே நாளில் தேய்வதில்லை. மயிரிழை மயிரிழையாகத் தேய்கின்றன. வண்டி விலகும் அளவுக்கு நம் கையும் தானாகவே ஈடுகொடுக்கப் பழகிவிடுகிறது. ஆகவே தினமும் ஓட்டுபவனுக்குப் புலப்படாத குறை, ஒருநாள் ஓட்டியவனுக்குப் புலப்படுகிறது. கைப்பழக்கத்தை நம்பாமல் அளந்து பார்ப்பதே முறை.

மறுநாள் காலை அளந்தோம். என்ஜினை நிறுத்தி, முன்சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங் வளையத்தில் ஒரு நூலைக் கட்டினோம். முன்சக்கரம் அசையத் தொடங்கும்வரை வளையத்தை மெல்ல இடப்புறமும், பிறகு வலப்புறமும் திருப்பினோம். இரண்டுக்கும் இடையே நூல் நகர்ந்த தொலைவு 7 சென்டிமீட்டர். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆம் விதி, இந்த வெற்று ஆட்டம் 30 பாகையை மீறலாகாது என்கிறது. 40 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வளையத்தில் அது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் ஆகும். விதியின் எல்லைக்குள்தானே இருக்கிறோம் என்று மனம் ஆறுதல் தேடிற்று. ஆனால் 30 பாகை என்பது தாண்டவே கூடாத கடைசி எல்லையே அன்றி, நலமாயிருக்கும் வண்டிக்குரிய அளவன்று. மேலும் அதே விதி வேறு இரண்டையும் கேட்கிறது: ஸ்டியரிங் இணைப்பின் பந்து மூட்டுகளுக்கு ரப்பர் உறை இருக்கவேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்றுபோகாதபடி பூட்டப்பட்டிருக்கவேண்டும். இவ்விரண்டிலும் நம் வண்டி தோற்றது.

அம்பாசிடரின் ஸ்டியரிங் அமைப்பு எளிது. வளையத்தின் தண்டு முனையில் ஒரு சிறு பல்சக்கரம். அது சுழலும்போது பற்கள் வெட்டிய நீண்ட கம்பி ஒன்று இடமும் வலமும் நகர்கிறது. அக்கம்பியின் இரு முனைகளிலிருந்தும் செல்லும் டைராடுகள் முன்சக்கரங்களைத் திருப்புகின்றன. ஒவ்வொரு டைராடின் வெளிமுனையிலும் டைராட் எண்டு என்னும் பந்து மூட்டு உண்டு. கிண்ணத்துள் அடங்கிய எஃகுப் பந்து, சுற்றிலும் கிரீஸ், மேலே ரப்பர் உறை. உறை கிழிந்தால் மழைநீரும் புழுதியும் உள்ளே புகும், கிரீஸ் வெளியேறும், பந்தும் கிண்ணமும் அரைபட்டுத் தேயும். முற்றத் தேய்ந்தால் பந்து கிண்ணத்தைவிட்டுக் கழன்றுவிடலாம். அந்நேரம் எந்த ஓட்டுநராலும் அச்சக்கரத்தைத் திருப்ப இயலாது.

தேய்ந்த மூட்டைக் கண்டறிய இருவர் வேண்டும். வண்டி தரையில் நிற்க, ஒருவர் வளையத்தைச் சிறிது சிறிதாக இருபுறமும் அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டின்மீதும் கைவைத்துப் பார்க்கவேண்டும். டைராடு நகர்ந்தும் சக்கரத்தின் கை நகராமல் "டக்" என்ற அதிர்வு தெரிந்தால் அம்மூட்டு தேய்ந்துவிட்டது. பின்னர் முன்புறத்தை உயர்த்தி, சக்கரத்தின் இடவல ஓரங்களைப் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அசைவு இருப்பின், பழுது டைராடில் அன்று. வீல் பேரிங்கிலோ சக்கரத்தைத் தாங்கும் வேறு மூட்டிலோ இருக்கும்.

நம் மகன் வளையத்தை அசைக்க, நாம் கீழே படுத்துப் பார்த்தோம். இடப்புற உறை கிழிந்து தொங்கிற்று. வலப்புறத்தில் கண்டதுதான் நம்மைத் திடுக்கிடச் செய்தது. அங்கே நட்டைப் பூட்டும் ஸ்பிலிட் பின் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கட்டுக்கம்பித் துண்டு முறுக்கப்பட்டிருந்தது.

அதைச் செய்தவர் எந்தப் பட்டறைக்காரரும் அல்லர். நாமேதான். ஆறாண்டுகளுக்குமுன், விடியற்காலைப் பயணத்துக்கு முந்தின இரவு, பழைய பின் ஒடிந்துவிட்டது. கடைகள் மூடியிருந்தன. நாளை மாற்றிக்கொள்ளலாம் என்று கம்பியைச் சுற்றினோம். அந்த நாளை வரவேயில்லை. அக்கம்பியை நம்பி ஆறாண்டுகள் மனைவி மக்களை ஏற்றிச் சென்றிருக்கிறோம். மகனுக்கு 18 வயது நிறைந்துவிட்டது. ஓட்டப் பழகப்போவதும் இவ்வண்டியில்தான். அன்றே வண்டியை ஓரங்கட்டினோம்.

மூட்டுகளை இருபுறமும் சேர்த்தே மாற்றுவதென முடிவு செய்தோம். ஒன்று தேய்ந்த அதே காலம் மற்றதும் உழைத்திருக்கிறது அல்லவா? சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் தம்பி புதிய டைராட் எண்டுகளை வாங்கி அனுப்பினார். ஸ்டியரிங் பாகங்களில் கழற்றி விற்கும் பழைய சாமான் கூடாது.

வேலைக்குச் சமமான கெட்டித் தரை வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பின்னரே ஜாக்கியால் உயர்த்தினோம். உயர்த்தியதும் இரும்புத் தாங்கிகளை வண்டியின் கெட்டியான சட்டத்தின்கீழ் நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் செல்லலாகாது. செங்கல்லும் சிமெண்ட் கல்லும் தாங்கியாகமாட்டா. அவை முன்னறிவிப்பின்றி உடையும்.

முதலில் டைராடின் பூட்டு நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்தினோம். பின்பு பந்து மூட்டின் நட்டைக் கழற்றினோம். அதன் தண்டு கூம்பு வடிவானது; சக்கரத்தின் கையிலுள்ள கூம்புத் துளையில் இறுகிப் பிடித்திருக்கும். தண்டின் தலையில் அடித்தால் மரை கெடுமேயன்றி மூட்டு விடாது. அதற்கென உள்ள புல்லரைப் பூட்டி இறுக்குவதே நன்று. புல்லர் இல்லாவிடில், துளையைச் சுற்றியுள்ள இரும்பின் ஒருபுறம் கனத்த சுத்தியலை அணைத்து, எதிர்ப்புறம் மற்றொரு சுத்தியலால் ஓங்கித் தட்டினால் கூம்பு விடுபடும்.

பழைய மூட்டை டைராடிலிருந்து திருகி எடுக்கையில் மகன் சுற்றுகளை எண்ணினான், தாளில் குறித்துக்கொண்டான். புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றினோம். புதியதன் நீளம் சற்று வேறுபடலாம் என்பதால், பூட்டு நட்டிலிருந்து தண்டின் மையம் வரையுள்ள தொலைவையும் முன்னரே அளந்து வைத்திருந்தோம்.

நட்டை இறுக்கியபோது அதன் தலையிலுள்ள வெட்டும் தண்டின் துளையும் நேராகவில்லை. "சற்றுத் தளர்த்தினால் பின் நுழையுமே, அப்பா" என்றான் மகன். அதுதான் கூடாது. தளர்த்திய நட்டின்கீழ் கூம்பு ஆடத் தொடங்கும். அடுத்த வெட்டு வரும்வரை மேலும் இறுக்குவதே முறை. பழைய பின்னை நிமிர்த்தி மீண்டும் போடுவதும் கூடாது. வளைந்து நிமிர்ந்த கம்பி எளிதில் ஒடியும். புதிய பின்னைச் செலுத்தி, இரு கால்களையும் விரித்து மடக்கினோம். கடைசி வேலையாகப் பூட்டு நட்டுகளை இறுக்கினோம். முன்பிருந்த கட்டுக்கம்பியை எறிந்துவிடவில்லை. மகனிடம் கொடுத்து, அது அங்கே வந்த கதையையும் மறைக்காமல் சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை. இரு பின்களையும் மீண்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்தான்.

வீட்டில் முடிவது இவ்வளவே. மெதுவாக ஓட்டிச்சென்று அன்றே வீல் அலைன்மெண்ட் பார்த்தோம். சுற்றுகளை எவ்வளவு கவனமாக எண்ணினாலும் சக்கரங்கள் சற்றே கோணலாக நிற்கக்கூடும். அப்படியே விட்டால் புதிய டயர்களும் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஓரந்தேய்ந்துபோகும். பல்கம்பிப் பெட்டியைப் பிரிப்பதும், வளைந்த பாகத்தைச் சூடேற்றி நிமிர்த்துவதும், பற்றவைப்பதும் வீட்டு வேலைகள் அல்ல. முதல் வேலை தேர்ந்த மெக்கானிக்கைச் சேரும். மற்றவை எவருமே செய்யத்தகாதவை. மூட்டு மாற்றிய பின்னும், 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டையும் பின்னையும் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நூல் நகரும் தொலைவு 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. முதல் சில நாட்கள் வளையம் நம் கைக்குப் புதிதாக இருந்தது. வளைவுகளில் வேண்டியதற்கு மிகுதியாகத் திருப்பினோம். வண்டியின் ஆட்டம் போனபிறகும் கையின் பழக்கம் போக ஒரு வாரமாயிற்று.

உங்கள் வண்டி பழையதாயின் இந்த ஞாயிற்றுக்கிழமையே வளையத்தில் ஒரு நூலைக் கட்டி அளந்து பாருங்கள். எப்போதாவது ஓட்டும் தம்பியோ மைத்துனரோ குறை சொன்னால், நம்மைப்போல் கோபங்கொள்ளாமல் கேளுங்கள். அதன்பின் கீழே படுத்து, அந்தப் பின்களை ஒருமுறை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.