ஓட்ட ஒரு மைதானம் கொடுங்க, அப்புறம் பிடிங்க!

பேப்பரில் அடிக்கடி வரும் போட்டோ ஒன்று உண்டு. பறிமுதல் செய்த பைக்குகள் வரிசையாக நிற்கும். கழற்றிய சைலன்சர்கள் தரையில் பரத்திக் கிடக்கும். பின்னால் போலீஸ்காரர்கள். ‘பைக் ரேஸ்: மாணவர்கள் சிக்கினர்’ என்று தலைப்பு. அடுத்த மாதம் வேற பைக், வேற பசங்க, அதே தலைப்பு. இத்தனை வருஷமாக ஒரே மாத்திரையைக் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் டாக்டரை மாத்த வேண்டாமா?

முதலிலேயே சொல்லிவிடலாம். ரோட்டில் ரேஸ் விடுவது தப்பு. அதில் சப்பைக்கட்டு எதுவும் கிடையாது. ரிங் ரோட்டில் ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடக்கும் ஒரு அப்பத்தாவுக்கு யாருடைய ‘பேஷனுக்காகவும்’ சாக வேண்டிய தலையெழுத்து இல்லை. சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவுப்படி பொது இடத்தில் ரேஸ் விட்டால் மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே. 2019 திருத்தத்துக்கு முன்னால் இதே அபராதம் வெறும் 500 ரூபாய்! வண்டியை இஷ்டத்துக்கு மாற்றினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000. பதினெட்டு வயசு ஆகாத பையன் ஓட்டிச் சிக்கினால் வண்டிக்கு உரிய பெரியவருக்கு 25,000, ஜெயிலும் உண்டு. அபராதம் பத்து மடங்கு ஏறியும் போட்டோ வருவது நிற்கவில்லை. இதுதான் யோசிக்க வேண்டிய இடம்.

அந்தப் பையன் வண்டியை என்ன செய்கிறான் என்று கொஞ்சம் பார்ப்போம். பழைய டிவிஎஸ் 50யையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் வந்த வண்டி. கீரைக்கட்டு, பால் கேன், கோழிக்கூண்டு எல்லாம் சுமந்து சுமந்து கடைசியில் பழைய இரும்புக் கடைக்கு வரும். காமர்ஸ் பாஷையில் சொன்னால் தேய்மானம் எல்லாம் போக ஸ்க்ராப் மதிப்பு மட்டும் மிச்சம். பையன் அதை எடைக்கு வாங்குகிறான். ஹெட்டைக் கொஞ்சம் இழைத்துக் கம்ப்ரஷனை ஏற்றுகிறான். போர்ட்டை அரத்தால் ராவி அகலப்படுத்துகிறான். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட, பின்னால் இரண்டு பல் குறைச்சல். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுகிறான். இதெல்லாம் எந்த இன்ஜினியரிங் காலேஜிலும் படிக்காமல், ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றே கற்றுக்கொண்டது. இந்த மூளையைப் பார்த்து யாராவது பெருமைப்பட்டால்கூட தப்பில்லை.

ஆனால் பிரேக்? அது கம்பெனி கொடுத்த அதே சின்ன டிரம் பிரேக். கீரைக்கட்டோடு நிதானமாகப் போகிற வண்டியை நிறுத்துவதற்குச் செய்தது. ஃபிரேமும் அதே, டயரும் அதே. வேகத்தைக் கூட்டத் தெரிந்தவனுக்கு நிறுத்துவதைச் சொல்லிக்கொடுக்க ஆளே இல்லை. இதை யார் சொல்லித் தருவார்கள்? பறிமுதல் செய்கிற எஸ்.ஐ.யா?

இங்கிலாந்தில் ஒரு கூட்டம் இதே வேலையைச் செய்கிறது. அவர்கள் எடுத்தது புல் வெட்டும் வண்டி. மேலே உட்கார்ந்து ஓட்டுகிற ரகம், பெரிய கிரிக்கெட் மைதானங்களில் பார்த்திருப்பீர்கள். 1973இல் விஸ்பரோ கிரீன் என்கிற கிராமத்தின் மதுக்கடையில் உட்கார்ந்து சிலர் பேசினார்களாம்: மோட்டார் ரேஸ் எல்லாம் பணக்காரன் விளையாட்டாகப் போச்சு, நம்ம எல்லார் வீட்டுக் கொட்டகையிலும் கிடக்கிற வண்டி எது? புல் வெட்டும் வண்டி! அதையே ஓட்டுவோம். அப்படிப் பிறந்த சங்கம் இன்றும் நடக்கிறது. பரிசுப் பணம் கிடையாது. பிளேடைக் கழற்றாமல் களத்தில் இறங்க முடியாது. பெல்ட் ஓடும் புல்லியை மாற்றி வேகத்தை ஏற்றுகிறார்கள், அச்சை உறுதிப்படுத்துகிறார்கள், உடம்பைத் தாழ்த்துகிறார்கள். ஓட்டுகிறவர் உடம்பிலிருந்து இன்ஜினுக்கு ஒரு கயிறு. ஆள் தூக்கி வீசப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் அணைந்துவிடும். அந்த வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகும், சிரிக்காதீங்க. ராத்திரி முழுக்க ஓடும் 12 மணி நேரப் பந்தயம் ஒன்றும் உண்டு. ஃபார்முலா ஒன் ஜாம்பவான் ஸ்டிர்லிங் மாஸும், லீ மான்ஸில் ஐந்து முறை ஜெயித்த டெரிக் பெல்லும் அதில் புல் வண்டி ஓட்டியிருக்கிறார்கள்.

அது வெள்ளைக்காரன் ஊர், நம்ம ஊருக்கு ஒத்து வராது என்பவர்களுக்குக் கோயம்புத்தூர் ஒன்றும் லண்டனில் இல்லை. அங்கே கரிவர்தன் என்று ஒருவர் இருந்தார். குடும்பஸ்தன் காய்கறி வாங்கப் போகும் மாருதி 800இன் இன்ஜினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் ரேஸ் காரில் வைத்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. வெறும் 796 சிசி, மூன்று சிலிண்டர். அதில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன்தான் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். கரிவர்தன் 1995இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்து ரேஸ் டிராக்குக்கு அவர் பேர்தான்.

கரிவர்தன் மில் முதலாளி வீட்டுப் பிள்ளை, அவருக்கு முடிந்தது என்பீர்கள். அதேதான் பாயிண்ட். முதலாளி வீட்டுப் பிள்ளை செய்தால் ‘முன்னோடி’, ஆரப்பாளையத்துப் பையன் செய்தால் ‘சிக்கினர்’. மதுரைப் பையன் முறைப்படி ஓட்ட வேண்டும் என்றால் கோவைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல், இல்லை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கு 400க்கும் மேல் போக வேண்டும். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் பொது ரோட்டையே அடைத்து ஃபார்முலா 4 ரேஸ் நடந்ததே, அப்போது ரோட்டில் ரேஸ் விடுவதற்கு வழி இருந்தது இல்லையா? (இந்தக் கேள்விக்கு ‘அது ஸ்போர்ட்ஸ்’ என்று பதில் வரும். அதைத்தானே இங்கேயும் கேட்கிறோம்!)

ஆபத்தான விளையாட்டுக்கு விதி போடத் தெரியாத அரசாங்கமா இது? ஜல்லிக்கட்டைப் பாருங்கள். 2014இல் சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. 2017இல் ஊரே திரண்டு சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே மாதம் கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டது. இரட்டைத் தடுப்பு, மாடுபிடி வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, வாசலில் ஆம்புலன்ஸ். 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் ஸ்டேடியமே திறந்தாச்சு. குத்துப்படுவது நின்றுவிடவில்லை. இருந்தாலும் யாரும் ‘பசங்களைக் கெடுக்கிறீங்க’ என்று சொல்வதில்லை.

அட, மாட்டுவண்டிப் பந்தயத்தில் ‘கேட்டகரி’கூட பிரித்து வைத்திருக்கிறோம். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு. பூஞ்சிட்டைக் கொண்டுபோய்ப் பெரிய மாட்டோடு ஓட விட மாட்டார்கள். இதையே சிசி கணக்கில் மாற்றினால் மொபெட் பூஞ்சிட்டு, பழைய 100 சிசி பைக் கரிச்சான், பவர் டில்லர் பெரிய மாடு. ரூல் புக் ரெடி :-)

இடம்? ஒரு காலத்தில் தமிழ்நாட்டு ரேஸ்களுக்குத் தலைநகராக இருந்த சோழவரம், இரண்டாம் உலகப் போர் கால விமான ஓடுதளம். அதே போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று காரைக்குடி பக்கம் செட்டிநாட்டில் இருக்கிறது. மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை கொடுத்தால் போதும். வண்டிக்கு நம்பர் பிளேட் வேண்டாம், ஏனென்றால் ரோட்டில் ஓட்டியே வரக்கூடாது. குட்டியானையில் ஏற்றித்தான் வர வேண்டும். ஓட்டி வந்தவன் அன்றைக்கு வேடிக்கை மட்டும் பார்க்கலாம். பிரேக் சோதனையில் தேறாத வண்டியும் வெளியே. இன்ஜின் அணைக்கும் கயிறு கட்டாயம், ஹெல்மெட் கட்டாயம். பரிசுப் பணம் கிடையாது, அதைப் போட்டால் அடுத்த நாளே பந்தயம் கட்டுகிற கூட்டம் வந்துவிடும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 50 வண்டி, வண்டிக்கு 500 ரூபாய் என்றால் 25,000. அதில் ஒரு ஆம்புலன்ஸ், ஒரு டாக்டர், மோதினால் தாங்க ஓரம் முழுக்க வைக்கோல் கட்டு. வைக்கோல் செலவில் பாதி திரும்பி வந்துவிடும். பந்தயம் முடிந்ததும் மாட்டுக்காரர்களே பேரம் பேசி எடுத்துக்கொண்டு போவார்கள்.