நோய் போன பின்னும் நோயாளியா?

சேலத்திற்கும் திருச்செங்கோட்டிற்கும் இடைப்பட்ட மல்லசமுத்திரத்தைப் பருத்தி ஏலத்தின் வழியாகப் பலர் அறிந்திருக்கக் கூடும். காடுகளில் பருத்தியும் நிலக்கடலையும், தறிக்கூடங்களின் ஓயாத ஓசையும், சுற்றுவட்டாரத்தில் கோழிப்பண்ணைகளும் கொண்ட ஊர். இங்கே பெண்களின் கைகள் ஓய்ந்திருக்கும் பொழுது மிகக் குறைவு. பருத்தி எடுப்பதும், களை வெட்டுவதும், தறியில் அறுந்த நூலைப் பிணைப்பதும், பால் கறப்பதும், தண்ணீர்க் குடம் சுமப்பதும் அந்தக் கைகள்தாம். அத்தகைய ஒரு கை, ஓராண்டுக்குள் தலைமுடியை அள்ளி முடியவும் இயலாமற் போனதைக் கண்டபின்பே இதனை எழுதத் துணிந்தோம்.

எங்கள் உறவில் ஒரு பெரியம்மா. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, மருந்தேற்றம், கதிர்வீச்சு என அனைத்தையும் முடித்து ஊர் திரும்பினார். நோய் இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆயினும் வீடு அவரை நோயாளியாகவே வரவேற்றது. திண்ணையில் கட்டில் போடப்பட்டது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். முட்டை சூடு, கடலை பித்தம், தயிர் சளி என்று ஒவ்வொன்றாக விலக்கப்பட்டு, இறுதியில் அரிசிக் கஞ்சியும் ரசமும் மட்டுமே தட்டில் மிஞ்சின. “கையைத் தூக்காதீங்கக்கா, நரம்பு இழுத்துக்கும்” என்று பக்கத்து வீட்டார் அன்போடு எச்சரித்தார்கள். அவரும் தூக்கவில்லை. சில திங்கள்களில் தோள் இறுகிவிட்டது. உடல் பருத்தது, வலுவோ குன்றியது. இந்த நிலைக்கு நோயை மட்டும் காரணம் காட்டிவிட முடியாது. அவரைச் சூழ்ந்திருந்த நாங்களும் காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

புற்றுநோய் என்றாலே மரணம் என்று கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. தம் தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அடுத்த ஆண்டே அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த நிறுவனத்தையே தம் வாழ்வாகக் கொண்டிருந்தார். இந்நோயைக் குணப்படுத்த முடியும், தொடக்கத்திலேயே வந்தால் போதும் என்பதை மக்கள் மனத்தில் பதிப்பதற்கே அத்தலைமுறையினர் பெரும்பாடு பட்டனர். இன்று, தொடக்க நிலையில் கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு நெடுங்காலம் வாழும் பெண்கள் நம்மிடையே பலர் உள்ளனர். ஆகவே கேள்வியும் மாறிவிட்டது. பிழைப்பாரா என்பதோடு, பிழைத்தவர் எப்படி வாழ்வார் என்பதும் இனி நம் கவலையாக வேண்டும்.

முதலில் கையைப் பற்றிய அச்சத்தை எடுத்துக்கொள்வோம். அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றும்போதோ, அங்கே கதிர்வீச்சு தரும்போதோ, கையிலிருந்து நிணநீர் வடிவது தடைப்பட்டு வீக்கம் உண்டாகலாம். அதனால் பாரம் தூக்கவே கூடாது என்று மருத்துவ உலகமே நெடுநாள் சொல்லி வந்தது. அமெரிக்காவில் 141 பெண்களிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த நம்பிக்கையைச் சோதித்தது. ஏற்கெனவே கைவீக்கம் இருந்தவர்களே அதில் பங்கேற்றனர். ஒரு பகுதியினர் வாரம் இருமுறை, பயிற்றுநரின் கண்காணிப்பில் தொடங்கி, அழுத்தவுறை அணிந்துகொண்டு, எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கினர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களுக்கு வீக்கம் மிகுந்துவிடவில்லை. திடீரென வீக்கம் முற்றிய நிகழ்வுகளோ பயிற்சி செய்யாதவர்களுக்கு 29 விழுக்காடு, செய்தவர்களுக்கு 14 விழுக்காடு மட்டுமே.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே தண்ணீர்க் குடத்தைத் தூக்கலாம் என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. ‘சிறிது சிறிதாக’ என்பதில்தான் அனைத்தும் அடங்கியுள்ளது. புண் ஆறிய பின், மருத்துவர் ஒப்புதலுடன், சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மேலேறும் பயிற்சியைத் தொடங்கலாம். எட்டிய இடத்தில் ஒரு கரிக்கோடு. மறுவாரம் அதற்குச் சற்று மேலே இன்னொரு கோடு. தோள் பணிந்து வந்தபின் அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி, பிறகு ஒரு லிட்டர். கை கனத்தாலோ, சிவந்து சூடானாலோ, காய்ச்சல் வந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். நோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கும் இதயம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தனி அறிவுரை தேவை.

அடுத்தது நடை. மார்பகப் புற்றுநோய் கண்ட 2987 அமெரிக்கச் செவிலியரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2005-இல் வெளியாயிற்று. வாரத்திற்கு 3 முதல் 5 மணி நேரம் வரை நடப்பதற்கு ஈடான உடலியக்கம் கொண்டிருந்தோரிடையே, அசைவின்றி இருந்தோரைவிட மரணம் தெளிவாகக் குறைந்திருந்தது. இது கூர்நோக்கு ஆய்வு என்பதால் நடைதான் அவர்களைக் காத்தது என்று அறுதியிட்டுக் கூற இயலாது. வலுவாக இருந்தவர்களே கூடுதலாக நடந்திருக்கலாம். எனினும், சிகிச்சைக்குப் பின் வரும் தீராத அயர்ச்சியை உடற்பயிற்சி தணிக்கிறது என்பதற்குச் சான்றுகள் வலுவாகவே உள்ளன. ஓய்வெடுத்தால் போக வேண்டிய களைப்பு ஓய்வால் போகாமல் நடையால் குறைகிறது என்பது நம் ஊர் அறிவுக்குச் சற்றே முரணாகத் தோன்றலாம். ஆனால் உண்மை அதுவே.

“நாள் முழுக்கத் தறியிலே நிக்கறாங்க, காட்டிலே குனியறாங்க, அதுக்கு மேல என்ன உடற்பயிற்சி?” என்று இங்கே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும் பஞ்சுத்தூசிக்கும் இரைச்சலுக்கும் நடுவே மணிக்கணக்கில் நிற்பதும், மூச்சு சற்றே வாங்கும்படி அரைமணி நேரம் வீசி நடப்பதும் உடலுக்கு ஒன்றல்ல. உழைப்பு பிறர் குறித்த வேகத்தில் உடலைச் செலவழிக்கிறது. பயிற்சி, தன் உடல் கேட்கும் அளவில் கூடியும் குறைந்தும் செல்கிறது. வாரத்தில் 150 நிமிட மிதமான உடலியக்கம், இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு நாளுக்கென்று கணக்கிட்டால் அரைமணி நேரத்தைக்கூடத் தொடாது. அந்த அரைமணி நேரம்தான் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இனி உணவு. இதில் வியாபாரம் செய்வோர் மிகுதி. பழச்சாறு புற்றுநோயைக் கரைக்கும் என்பதுவரை பேசுகிறார்கள். அமெரிக்காவில் 3088 பெண்களிடம் நடந்து 2007-இல் முடிவு வெளியான ஆய்வை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். காய்கறி, பழம், நார்ச்சத்து ஆகியவற்றை மிகப் பெருக்கி, கொழுப்பைக் குறைத்து உண்ட பிரிவினருக்கும், வழக்கமான நல்லுணவு உண்ணுமாறு அறிவுறுத்தப்பட்ட பிரிவினருக்கும் இடையே, நோய் திரும்புவதில் ஏறத்தாழ 7 ஆண்டுகளுக்குப் பின்னும் வேறுபாடு காணப்படவில்லை. உணவு மந்திரமன்று. நோயை விரட்டும் தனியொரு காயுமில்லை, நோயைத் திரும்ப அழைக்கும் தனியொரு முட்டையுமில்லை.

அப்படியாயின் உணவால் பயன் என்ன? உடலை மீட்டுக் கட்டுவதற்குப் புரதம் வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாமல், இயன்றால் 1.5 கிராம் வரை நாளொன்றுக்குப் புரதம் வேண்டும் என்பது புற்றுநோயாளிகளுக்கான ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 50 முதல் 75 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளோர் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவை வகுத்துக்கொள்ள வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் அளவும், 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம் அளவும் புரதம் உண்டு. முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல் மாவட்டத்தில், கடலை விளையும் காட்டோரத்தில், இவ்விரண்டையுமே விலக்கிவிட்டு ஒரு பெண்ணைக் கஞ்சியில் வைத்திருந்தோம் என்பதை எண்ணினால் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சை மருந்துகளுள் சில எலும்பைத் தேய்ப்பவை. மருந்தேற்றத்தால் மாதவிடாய் முன்கூட்டியே நின்றுவிட்டாலும் எலும்பு தேயும். பாலும் தயிரும் கேழ்வரகும் அதற்காகவே தட்டில் இருக்க வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. மறுபுறம், மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலேயே உருவாகிறது. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பான்மையானவை அந்த ஹார்மோனைக் கொண்டே வளர்பவை. எனவே வெள்ளைச் சோற்றைக் குவிப்பதும், பலகாரம் கொடுத்துத் ‘தேற்றுவதும்’ அன்பாகத் தோன்றினும் நன்மையாகா.

இவையனைத்தையும் அந்தப் பெண்ணிடம் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் பயனில்லை. நம் வீடுகளில் கடைசியாக உண்பவர் யார்? குழந்தைக்கும் வேலைக்குப் போகிற ஆணுக்கும் போக மிஞ்சிய குழம்பில் பருப்பு எவ்வளவு இருக்கும்? மாலையில் ஒரு பெண் வெறுங்கையோடு நடந்தால் “எங்கே கிளம்பிட்டீங்க?” என்று கேட்காத தெரு எது? ஆரோக்கிய வாழ்வு என்பது தனிமனித ஒழுக்கம் என்று எழுதுவோர் இக்கேள்விகளை ஏனோ கேட்பதில்லை. அவர் தட்டில் முட்டை விழுவதும், அவருக்கு அரைமணி நேரம் கிடைப்பதும் அவருடைய மனவுறுதியால் மட்டும் நிகழ்வன அல்ல. வீட்டில் இன்னொருவர் அடுப்பையும் மாட்டையும் பார்த்துக்கொண்டால்தான் அது நடக்கும்.

அரசும் இதில் செய்யத்தக்கது உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை மருத்துவத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்வதை ஒரு நோக்கமாகக் கொண்டது. மார்பகச் சிகிச்சை முடித்துத் திரும்பும் ஒவ்வொரு பெண்ணின் தோளையும் அத்திட்டம் தவறாமல் தன் கணக்கில் கொள்ளுமாயின், இறுகிப்போகவிருக்கும் தோள்கள் பல காக்கப்படும்.

பெரியம்மா இப்போது மாலை வேளைகளில் ஏரிப் பக்கம் நடக்கிறார். அந்த நேரத்தில் பால் கறப்பது மருமகனின் வேலை. காலையில் இரண்டு முட்டை. சுவரில் கரிக்கோடுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. கை முழுதாக இன்னும் உயரவில்லை, தாமதம் எங்களுடையது. உங்கள் தெருவிலும் அண்மையில் சிகிச்சை முடித்துத் திரும்பிய பெண் ஒருவர் இருக்கக் கூடும். பார்க்கப் போகும்போது பத்தியம் எதுவும் சொல்லாதீர்கள். சிறிது தூரம் உடன் நடந்துவிட்டு வாருங்கள்.