மருந்து பேதம் பார்க்கவில்லை

நோய்க்கு ஆண், பெண் என்ற வேற்றுமை இல்லை என்பர். பக்கவாதத்தைப் பொறுத்தவரை இக்கூற்று பாதி உண்மையே. நோய் ஒன்றே ஆயினும், அதன்பின் பிறர் கையை எதிர்பார்த்துக் காலம் கழிக்கும் நிலை ஆடவரினும் பெண்டிருக்கே மிகுதியாக நேர்கிறது. பெண்ணுடலின் மென்மையே இதற்குக் காரணம் எனக் கூறிக் கைகழுவுவோர் உளர். அவர்தம் கூற்று ஆராய்ச்சியின்முன் நிற்குமா?

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாயைக் கட்டியொன்று அடைப்பதாலேயே பெரும்பாலான பக்கவாதங்கள் உண்டாகின்றன. அக்கட்டியைக் கரைக்கும் மருந்தின் பயனை 1995இல் அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது. நோய் தாக்கிய 3 மணி நேரத்திற்குள் அதனைச் செலுத்த வேண்டும் என்றிருந்த எல்லை, 2008இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வுக்குப்பின் 4½ மணி நேரமாக நீண்டது. பெருங்குழாய் அடைபட்டால் சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிவதாக 2006இல் கணக்கிடப்பட்டது.

இம்மருந்து பெண்ணுடலில் பலிக்கவில்லையா? பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2005இல் வெளியான பகுப்பாய்வு விடை தந்தது. மருந்து பெறாதோருள் பெண்களின் நிலை ஆண்களினும் தாழ்ந்திருந்தது. மருந்து பெற்றோருள் அவ்வேற்றுமை மறைந்துபோயிற்று! மருந்து பேதம் பார்க்கவில்லை, மனிதரே பார்க்கின்றனர்.

"பெண்டிர் முதிய வயதில் இந்நோய்க்கு ஆளாகின்றனர், ஆதலின் தேறுவது அரிது" என்பர் மறுப்போர். வயது குறித்த கூற்று மெய்யே. ஆயின், அம்முதுமையில் அவள் வாழும் வாழ்வு யாது? கணவனை இழந்து, பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் தனித்திருப்பவள் காலையில் விழுந்தால் மாலையில் அன்றோ காண்பர்! நோய் தாக்கிய நேரத்தைச் சொல்ல ஆளில்லை. நேரம் தெரியாதபோது அம்மருந்தைத் தருவதும் எளிதன்று. இது முதுமையின் குற்றமா, தனிமையின் குற்றமா?

மருத்துவமனையை அடைந்தாலும் இடர் தீர்வதில்லை. அவசரப் பிரிவில் தலைவலி, தலைச்சுற்றல் என்று முறையிட்டோரின் பக்கவாதம் கண்டறியப்படாமற் போவது பற்றி 2014இல் அமெரிக்க ஆய்வொன்று வெளிவந்தது. அவ்வாறு தவறவிடப்படும் வாய்ப்பு பெண்களுக்கு ஏறத்தாழ 33 விழுக்காடு மிகுதி என அது காட்டியது.

மருத்துவரை மட்டும் பழித்துப் பயனென்ன? "அம்மாவுக்குக் களைப்பு, தைலம் தேய்த்துச் சற்றுப் படுத்தால் சரியாகிவிடும்" என்னும் வீட்டாரும் குற்றவாளிகளே. தன் கை மரத்துப்போனதையும் மறைத்து அடுப்பைக் கவனிப்பவளுக்கு அம்மௌனத்தைக் கற்பித்தவர் யார்? தாயின் பொறுமையைப் புகழ்ந்து ஆண்டுதோறும் கட்டுரை எழுதுவிக்கும் வகுப்பறைகளுக்கும் இப்பழியில் பங்குண்டு. நோயை மறைப்பது தியாகம் அன்று; அதைப் போற்றுவது கல்வியும் அன்று.

ஆசிரியர்கள் இனிக் கற்பிக்க வேண்டிய பாடம் சிறிது. முகம் ஒருபுறம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், மலேசியாவில் 999 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். திடீரெனத் தோன்றும் மனக்குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் அவ்வாறே கருதுதல் வேண்டும். பாட்டியைக் கடைசியாக நலமாகக் கண்ட நேரத்தைப் பேரன் சொல்லத் தெரிந்திருந்தால் போதும். அந்த ஒரு விடை அவளை மீண்டும் எழுந்து நடக்கச் செய்யலாம். எந்தத் தேர்வின் மதிப்பெண் அதற்கு ஈடாகும்?