காமாலை என்று மாத்திரையை நிறுத்தாதீர்!

"ஏம்ப்பா, கண்ணு மஞ்சளா இருக்கே! இங்கிலீஷ் மாத்திரை எல்லாத்தையும் நிறுத்து. கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடி. பத்தே நாள்ல சரியாப் போயிடும்!"

செம்பாக்கத்தில் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் இந்த வைத்தியம் இலவசம். தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். நல்ல பெயர் கீழாநெல்லிக்குப் போகும்!

ஆனால் கேட்டுக்கொண்டு நிற்பவர் எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால்? அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். சொன்னால் வீட்டுக்காரர் சாமானைத் தெருவில் வைப்பார் என்ற பயம். தலையை ஆட்டிவிட்டுப் போய் மாத்திரையை நிறுத்திவிடுவார். அங்கேதான் உயிருக்கு உலை!

காமாலையில் பல ரகம். ஏ, ஈ கிருமிகள் அசுத்தத் தண்ணீரில் வருகிறவை. பி, சி கிருமிகள் ரத்தத்தில் வருகிறவை. எச்.ஐ.வி. வரும் வழியும் இதுதான். ஊசி, ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து குழந்தை. ஆகவே ஒரே ஆளிடம் இரண்டும் குடியிருப்பது அதிசயம் அல்ல. இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் சீக்கிரம் சுருங்கிப்போகும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இப்போது எச்.ஐ.வி.க்குப் பெரும்பாலோருக்குத் தரும் மாத்திரையில் டெனோபோவிர், லாமிவுடின் என்று இரண்டு மருந்துகள் இருக்கின்றன. இவை ஹெபடைடிஸ் பி கிருமியையும் சேர்த்தே அடக்குகின்றன. ஒரு மாத்திரை, இரண்டு காவல்! திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த பி கிருமி சீறி எழும். கல்லீரல் செயலிழந்து ஆளே போய்விடலாம். காச நோய் மருந்தும் சேர்ந்து சாப்பிடுகிறவருக்கு அந்த மருந்தாலேயே காமாலை வரலாம். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று டாக்டர் சொல்ல வேண்டும், டீக்கடை அல்ல.

கீழாநெல்லியை நாம் கேலி செய்யவில்லை. பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய புளம்பெர்க்கே சென்னை ஆராய்ச்சியாளர் தியாகராஜனோடு சேர்ந்து 1988-ல் அதைப் பற்றி 'லான்செட்' ஏட்டில் எழுதினார். பிறகு நடந்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி. 1928-ல் காச நோய்க்காகத் தொடங்கிய இடம். 2004 ஏப்ரலில் நாட்டில் முதன்முதலாக எச்.ஐ.வி. மாத்திரையை இலவசமாகக் கொடுத்த அரசு ஆஸ்பத்திரிகளில் ஒன்று. 2018-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் சோதனையும் மருந்தும் இலவசம். சி கிருமியைப் பெரும்பாலோருக்கு 12 வாரத்தில் ஒழித்தே விடலாம். பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. மாத்திரை வாங்குகிறவர்கள் "பி, சி டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். பி இருந்தால் மனைவி, கணவன், பிள்ளைகளுக்கு ஊசி போட்டாகிவிட்டதா என்றும் கேளுங்கள்.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாத்திரை டப்பாவில் நோயின் பெயர் வேண்டாம். "டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் கல்லீரல் கெடும்" என்று தமிழில் ஒரு வரி ஒட்டுங்கள். அச்சடிக்க எத்தனை பைசா ஆகிவிடும்?

தாம்பரம் மாநகராட்சிக்கும் ஒன்று. பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். சலூன்களில் ஆளுக்கு ஒரு புது பிளேடு போடுகிறார்களா? சுகாதார ஆய்வாளர் நாளைக் காலையிலேயே கேம்ப் ரோடு பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கட்டும்!