தேய்ந்த கால்களுக்கு என்ன விலை? அமெரிக்கன் புட்போலில் மூத்த ஓட்டக்காரர்களின் கணக்கு

2024 மார்ச்சில் டெரிக் ஹென்றிக்கு வயது 30. ரெனிசி டைட்டன்ஸ் அணிக்காக எட்டுப் பருவகாலங்கள் ஓடியவர். 2020 இல் ஒரே பருவகாலத்தில் 2,027 யார் தூரத்தைக் கடந்தவர். ஒப்பந்தம் முடிந்ததும் அந்த அணி அவரைப் போகவிட்டது. பல்டிமோர் ரேவன்ஸ் அணி இரண்டு வருடங்களுக்கு 16 மில்லியன் டொலர் பேசி அவரை எடுத்துக்கொண்டது. அதில் உத்தரவாதமான தொகை 9 மில்லியன் மட்டுமே. அதே அணியில் அவருக்குப் பந்தைக் கையளிக்கும் லமார் ஜக்சனின் ஒப்பந்தமோ வருடத்துக்குச் சராசரியாக 52 மில்லியன்.

இந்த இடைவெளி விளங்க, ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர்தான் புட்போல், பார்வைக்கு நம்மூர் றக்பிக்குக் கிட்டியது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து யார் முன்னேற வேண்டும். குவார்ட்டர்பேக் எனப்படும் ஜக்சன் போன்றவர் பந்தை எறியலாம். அல்லது பின்னால் நிற்கும் 'ரன்னிங் பேக்' கையில் கொடுத்து ஓடவிடலாம். ஓடுபவர் எதிரணியின் மிகக் கனத்த உடம்புகள் நிற்கும் இடத்துக்குள்ளேயே நுழைய வேண்டும். 2024 பருவகாலத்தில் ஹென்றி அப்படி 325 தடவைகள் ஓடினார். பெரும்பாலான ஓட்டங்கள் ஒரு மோதலில்தான் முடியும்.

அணி நிர்வாகங்கள் சொல்லும் நியாயம் இது: ஆட்டம் இப்போது எறிதலை நம்பியது, ஓட்டத்துக்கு வழி திறப்பது முன்வரிசைத் தடுப்பாளர்கள், 27, 28 வயதுக்குப் பின் ஓட்டக்காரரின் கால் தேயும், கல்லூரியிலிருந்து வரும் இளைஞன் மலிவு. இதை வெறும் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. லொஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி 2018 இல் ரொட் கேர்லிக்கு நான்கு வருட நீடிப்பாக 57.5 மில்லியன் டொலர் எழுதிக் கொடுத்தது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. 2020 மார்ச்சில் அவரை விடுவித்தார்கள். வேறொரு அணியில் ஒரு பருவகாலம் ஆடியதுடன், 26 வயதில் அவரது ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது. ஒவ்வொரு பேச்சுவார்த்தை மேசையிலும் அவருடைய முழங்கால் ஒரு சாட்சியாக வந்து உட்காருகிறது.

ஆனால் ஒப்பந்த விதிகளைப் பார்த்தால் வேறொன்று தெரியும். கல்லூரியிலிருந்து தெரிவாகும் வீரர், முன்கூட்டியே நிர்ணயித்த சம்பளத்தில் நான்கு வருடங்கள் ஆட வேண்டும். முதற்சுற்றில் தெரிவானவரை ஐந்தாவது வருடமும் வைத்திருக்க அணிக்கு உரிமை உண்டு. அதன் பிறகும் 'ஃபிரான்சைஸ் டேக்' என்ற முத்திரையைக் குத்தி இன்னுமொரு வருடம் நிறுத்தலாம். அந்த வருடச் சம்பளம், அதே இடத்தில் ஆடுவோரில் அதிகம் பெறுபவர்களின் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும். ஓட்டக்காரர்களின் சம்பளம் விழ விழ, முத்திரையின் பெறுமதியும் சேர்ந்து விழும். 2023 இல் குவார்ட்டர்பேக்கின் முத்திரை 32.4 மில்லியன், ரன்னிங் பேக்குடையது 10.1 மில்லியன். கால் நல்லாயிருக்கும் வயது முழுவதும் கட்டுக்குள். வெளியே வந்து விலை பேசும் நாளில், 'உனக்கு வயதாகிவிட்டது' என்பார்கள்.

மில்லியன் கணக்கில் உழைப்பவர்களுக்காக நாம் ஏன் மனம் வருந்த வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தொகை எதுவானாலும், ஒருவரின் உடலுழைப்பை அதன் உச்ச வருடங்களில் மலிவாக வாங்கிவிட்டு, பின்னர் தேய்மானத்தை அவர் தலையிலேயே கட்டும் பொறிமுறை இவ்வளவு வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும் இடம் குறைவு. அதனால்தான் இதைக் கவனிக்கிறேன்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பிட்ஸ்பேர்க் ஸ்டீலர்ஸ் அணியின் லேவியோன் பெல் 2018 இல் முத்திரையை ஏற்காமல் முழுப் பருவகாலமும் ஆடாமல் இருந்து, 14.5 மில்லியனை இழந்தார். 2023 ஜூலையில் முன்னணி ஓட்டக்காரர்கள் சிலர் சூம் வழியாகக் கூடிப் பேசினார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவர்களின் தொழிற்சங்கம் எல்லா இடத்து வீரர்களுக்கும் பொதுவானது. ஓட்டக்காரர்கள் அதில் சிறுபான்மை.

அந்த ஜூலையில் முத்திரைக்குள் அகப்பட்டிருந்தவர்களில் ஒருவர் நியூயோர்க் ஜயன்ட்ஸின் சேகுவோன் பார்க்லி. மறுவருடம் அவரையும் விட்டுவிட்டார்கள். பார்க்லி பிலடெல்பியாவுக்குப் போனால் தனக்குத் தூக்கம் வராது என்று ஜயன்ட்ஸ் உரிமையாளர் ஜோன் மாரா தன் முகாமையாளரிடம் சொன்னது தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. பார்க்லி போனது பிலடெல்பியாவுக்கேதான். அந்தப் பருவகாலத்தில் ஈகிள்ஸ் அணிக்காக 2,005 யார் ஓடினார்.

இலக்கங்களுக்குள் அகப்படாத பெறுமதி 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி சுப்பர் போல் இறுதியாட்டத்தில் தெரிந்தது. அன்று பார்க்லிக்கு 28 ஆவது பிறந்தநாள். 25 தடவைகள் ஓடி 57 யார் மட்டுமே எடுத்தார். தாளில் பார்த்தால் தோல்வி. கன்சாஸ் சிற்றி அணி அவரை மறிப்பதிலேயே கண்ணாக இருந்தது. அதனால் எறிதலுக்கு வெளி கிடைத்தது. ஈகிள்ஸ் 40–22 என வென்றது. பல்டிமோரிலும் இதே கதை. ஹென்றி வந்த முதற்பருவகாலத்தில் 1,921 யார் ஓடினார். அதே பருவகாலத்தில் ஜக்சன் 41 டச்டவுன் எறிதல்களைக் கொடுத்து, எதிரணியிடம் நான்கு தடவை மட்டுமே பந்தைப் பறிகொடுத்தார். ஓட்டக்காரருக்குப் பயந்து தடுப்பாளர்கள் முன்னே நெருங்கும்போது, பின்னால் இடம் திறக்கிறது. அந்த யார்கள் எறிந்தவர் கணக்கில்தான் எழுதப்படும்.

மூத்தவரின் வேறு வேலைகளும் கண்ணில் படாதவை. எறிபவரை நோக்கி எந்தப் பக்கத்திலிருந்து ஆள் பாயப்போகிறான் என்பதை முன்கூட்டியே வாசித்து, குறுக்கே நின்று அடியைத் தான் வாங்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். ஃபிராங்க் கோர் ஒரு பருவகாலத்திலும் லீக்கில் முதலிடம் பிடித்ததில்லை. கல்லூரியிலேயே இரண்டு முழங்கால்களிலும் சத்திரசிகிச்சை. ஆனாலும் 16 பருவகாலங்கள் வந்து நின்று, 16,000 யார் சேர்த்து, வரலாற்றில் மூன்றாமிடத்தில் இருக்கிறார்.

நம்பிக்கைக்கும் ஆபத்து உண்டு. 2025 செப்டம்பர் 7 இல் பஃபலோ பில்ஸுக்கு எதிராக ஹென்றி 169 யார் ஓடினார். கடைசி நான்கு நிமிடங்களுக்குள், எட்டுப் புள்ளிகள் முன்னிலையில் இருந்தபோது, பந்து அவர் கையிலிருந்து நழுவியது. பில்ஸ் 41–40 என வென்றது. நேரத்தைக் கரைத்து வெற்றியைக் காக்கவே மூத்தவர் கையில் பந்தைக் கொடுப்பார்கள். அந்த ஒன்று பிழைத்தால் மற்ற 169 உம் பேச்சில் வராது.

சந்தை சற்று அசைந்திருப்பது உண்மை. 2025 மார்ச்சில் பார்க்லிக்கு இரண்டு வருட நீடிப்பாக 41.2 மில்லியன் கிடைத்தது. வருடத்துக்கு 20 மில்லியனைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக் அவர். மே மாதத்தில் 31 வயது ஹென்றிக்கு 30 மில்லியன், அதில் 25 உத்தரவாதம். ஆனால் இது இரண்டு பேருக்கு, அவர்கள் வெளியே வந்த பின் கிடைத்தது. விதிகள் அப்படியே இருக்கின்றன. 2020 இல் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தம் 2030 பருவகாலம் வரை நீடிக்கும். 2025 இல் லாஸ் வேகாஸ் ரைடர்ஸ் அணி முதற்சுற்றில் அஷ்டன் ஜென்ரி என்ற 21 வயது ஓட்டக்காரரை எடுத்தது. நான்கு வருடம், ஐந்தாவது வருட உரிமை, ஒரு முத்திரை என்று அணி எல்லாவற்றையும் பயன்படுத்தினால், அவர் சுதந்திரமாக விலை பேசக்கூடிய முதல் நாள் 2031 மார்ச்சில் வரும். அப்போது அவருக்கு வயது 27 ஆக இருக்கும். ஜயன்ட்ஸ் விட்டுவிட்டபோது பார்க்லிக்கும் அதே வயதுதான்.