கூப்பிட்டால் வரும் சொற்கள்

உயர்ந்த ஆங்கிலம் எழுத வேண்டும் என்று தினம் பத்துச் சொற்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி நெட்டுருப் போடுகிறீர்களா? தப்பில்லை, போடுங்கள். ஆனால் ஒரு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால், அவற்றில் ஒன்றாவது கூப்பிட்ட குரலுக்கு வருகிறதா? கல்யாண வீட்டில் பார்த்த முகங்களைப் போல, எதிரே வந்தால் அடையாளம் தெரிகிறது. வேண்டும்போது பெயர் நினைவுக்கு வருவதில்லை!

இந்தச் சங்கடத்துக்கு ஒரு பையன் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். 1706-ல் பாஸ்டன் நகரில், சோப்பும் மெழுகுவத்தியும் செய்து பிழைத்தவருக்குப் பிறந்தவன். பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். 12 வயதில் அண்ணனுடைய அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். நண்பனுக்கு அவன் எழுதிய கடிதங்களைப் படித்த தகப்பனார், எழுத்துப் பிழை இல்லை, நடையில்தான் அழகு போதாது என்று எடுத்துக் காட்டினார்.

பையனுக்கு ரோசம் வந்துவிட்டது. லண்டனில் 1711-ல் தொடங்கிய 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையின் தொகுதி ஒன்று கிடைத்தது. அதில் ஒரு கட்டுரையைப் படித்து, வாக்கியத்துக்கு வாக்கியம் சிறு குறிப்பு எடுத்துக்கொண்டு, சில நாள் மூடி வைத்துவிடுவான். பிறகு குறிப்பை மட்டும் பார்த்துத் தானே எழுதி, மூலத்தோடு ஒப்பிடுவான்.

அப்போதுதான் தன் சொற்பஞ்சம் அவனுக்குத் தெரிந்தது. உடனே என்ன செய்தான் தெரியுமோ? கதைகளைச் செய்யுளாக்கினான்! வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் விளங்கும். பொருள் கையில் இருக்கிறது. சொல் சீருக்குள் அடங்கவில்லை. அதே பொருளில் வேறு சொல்லுக்கு மனசு அலைகிறது. அப்படி அலைந்து பிடித்த சொல் லேசில் மறக்குமா? மூல வசனம் மறந்த பிறகு, அந்தச் செய்யுளை மறுபடி வசனமாக்கினான். இதெல்லாம் வேலை நேரம் போக, இரவிலும் விடிகாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும்!

அந்தப் பையன்தான் பெஞ்சமின் பிராங்க்ளின். 1776-ல் அமெரிக்க சுதந்தரப் பிரகடனத்தைத் தயாரிக்க அமைத்த ஐவர் குழுவில் அவரும் ஒருவர்.

உங்களுக்குச் செய்யுள் வராவிட்டால் பாதகமில்லை. ஆங்கிலப் பத்திரிகையில் உங்களுக்குப் பிடித்த ஒரு பாராவை எடுங்கள். குறிப்பு எழுதுங்கள், நாலு நாள் கழித்து உங்கள் சொல்லில் எழுதி ஒப்பிடுங்கள். நீங்கள் தடுமாறிய இடத்தில் மூல ஆசிரியர் எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். அந்த ஐந்தாறு சொற்கள்தான் உங்களுக்கு வேண்டியவை. அடுத்த கடிதத்திலேயே அவற்றை உபயோகித்துவிடுங்கள்.