சாலை நகரசபையின் கணக்கில், பள்ளி யாருடைய கணக்கில்?

கோலார் தங்கவயலில் வளர்ச்சி என்று பேசுகிறவர்களின் கை இப்போதெல்லாம் ஊருக்கு வெளியே நீள்கிறது. ஹொசகோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை 262 கிலோமீட்டர் நீளத்தில் அமையும் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை தங்கவயல் வட்டத்தின் வழியே செல்கிறது. அதன் கர்நாடகப் பகுதி 2024-ஆம் ஆண்டின் இறுதியில் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. பெமல் நிறுவனம் மாநில அரசுக்குத் திருப்பியளித்த 900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் தொழிற்பேட்டை வரும் என்ற பேச்சும் உண்டு. ஆகவே ராபர்ட்சன்பேட்டைக்குப் புறத்தே லேஅவுட்டுகள் எழுகின்றன. அங்கே மனை வாங்கியவர்கள் சாலை கேட்கிறார்கள். சாலை வந்தபின் பள்ளி கேட்பார்கள். இவை நியாயமான கோரிக்கைகளே. ஆனால் புறநகர் வளரும்போது, இந்த நகரம் உருவாகக் காரணமாக இருந்த சாம்பியன் ரீப்ஸ், மாரிக்குப்பம், உரிகம் ஆகிய சுரங்கப் பகுதிகளின் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு, எந்த வழியாக நடந்து போவார்கள் என்பதை யார் கேட்பது?

நகரசபையில் இந்தக் கேள்வி எழுந்தால் பாதியிலேயே முறிந்துபோகும். சாலை என்றால் பதில் சொல்லப் பொறியாளர் இருக்கிறார். மதிப்பீடு, டெண்டர், நிதி ஒதுக்கீடு என்று பேச்சுக்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது. பள்ளி என்றால், ‘அது கல்வித்துறை விஷயம், பி.இ.ஓ. அலுவலகத்துக்கு எழுதுங்கள்’ என்பதோடு முடியும். உறுப்பினர்களின் அக்கறையின்மையை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. 1992-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 73, 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தங்களை அருகருகே வைத்துப் படித்தால் காரணம் புலப்படும். ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களுள், தொடக்க, இடைநிலைப் பள்ளிகளை உள்ளடக்கிய கல்வியும் ஒன்று. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பொருள்களில் நகரத் திட்டமிடல் உண்டு, சாலைகளும் பாலங்களும் உண்டு, இடுகாடும் சுடுகாடும் உண்டு, இறைச்சிக்கூடமும் உண்டு. பள்ளி என்ற சொல் இல்லை. பண்பாட்டையும் கல்வியையும் அழகியலையும் ஒரே மூச்சில் மேம்படுத்தச் சொல்லும் மங்கலான வரி ஒன்று மட்டும் இருக்கிறது. பக்கத்துச் சிற்றூரின் கிராமப் பஞ்சாயத்து பள்ளியைப் பற்றிப் பேச அரசியலமைப்பு திறந்துவைத்த கதவு, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்தின் 35 வார்டு உறுப்பினர்களுக்குத் திறக்கப்படவில்லை. வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கும் பிரிவும் 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கே பொருந்தும். தங்கவயல் அதற்கும் வெளியேதான் நிற்கிறது.

அதற்காக, நகராட்சி என்றாலே பள்ளியோடு தொடர்பில்லாதது என்று முடிவுகட்டத் தேவையில்லை. தங்கவயல் குடும்பங்களுக்கு உறவும் சம்பந்தமும் உள்ள வட ஆர்க்காட்டு ஊர்களுக்குப் போனால் ‘நகராட்சிப் பள்ளி’ என்ற பலகை சாதாரணக் காட்சி. சென்னையில் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவுதான் பின்னாளில் நாடறிந்த திட்டமாக விரிந்தது. ஒரு மன்றம் பள்ளியைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டதன் விளைவு அது. எனவே தங்கவயல் நகரசபையின் கையைச் சட்டம் கட்டியிருக்கிறது என்பதில் பாதிதான் உண்மை. மறுபாதி பழக்கம்.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் சுரங்கத் தொழிலில் காலூன்றியதிலிருந்து, சுரங்க எல்லைக்குள் சாலை, தண்ணீர், மருத்துவமனை, லைன் வீடு அனைத்துக்கும் கம்பெனியே பொறுப்பு. 1956-இல் மைசூர் அரசும் 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. பெயர்கள் மாறினாலும் முறை மாறவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் கம்பெனியிடம்தான் போய் நின்றார்கள். ராபர்ட்சன்பேட்டையோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுரங்க எல்லைக்குப் புறத்தே, மைசூர் அரசு கட்டம் போட்டு வகுத்த ஊர். மைசூரில் ரெசிடென்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சனின் பெயரைத் தாங்கியது. அன்றைக்கு அதுதான் வளரும் புறநகர். நேரான தெருக்கள் அங்கேயும், மூங்கில் தட்டியும் தகரமுமாகக் குடிசை வரிசைகள் சாம்பியன் ரீப்ஸிலும் இருந்தன. இன்று வெளிவட்டத்துக்கு நகரும் வளர்ச்சி அன்றும் அப்படித்தான் நகர்ந்தது.

ஆனால் எழுத்து லைன்களில் தங்கியது. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த இயக்கம் தங்கவயல் தொழிலாளர்களிடையே வேர்பிடித்தது. 1914-இல் அவர் மறைந்தபின் நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926-இல் மீண்டும் இங்கிருந்து நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை இங்கிருந்தே பதிப்பித்தது. நிலத்தடியில் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழத்தில் இறங்கிப் பாறை பிளந்தவர்களின் குடியிருப்பு இது. பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரான அவர்கள் சம்பளத்திலிருந்து காசெடுத்து அச்சுக்கும் படிப்புக்கும் கொடுத்தார்கள். பள்ளி என்பது மேலிருந்து வந்து சேரும் வசதி என்ற எண்ணம் இந்த மண்ணுக்கு உரியதன்று. சாம்பியன் ரீப்ஸில் ஒரு பள்ளி ஆள் குறைந்து தேயும்போது, புள்ளிவிவரத்தில் ஒரு கட்டடம் குறைவதாக மட்டும் அதைப் பார்க்க முடியாதது இதனால்தான்.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. கம்பெனி போனது, கம்பெனியின் நிலம் போகவில்லை. பன்னிரண்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் மத்திய அரசு நிறுவனத்தின் பெயரில் இருக்க, அதன்மீது வாழ்பவர்கள் வாக்களிப்பது நகரசபைக்கு. நகரசபை நினைத்தால் தெருவிளக்கு போடலாம், சாக்கடை தூர்வாரலாம். தனக்கு உரிமையில்லாத நிலத்தில் புதிய பள்ளிக்கட்டடம் எழுப்ப இயலாது. நிலம் டில்லியிடம், ஆசிரியர் பெங்களூருவிடம், தெரு மட்டும் உள்ளூரிடம்.

‘முதலில் சாலை வரட்டும், பள்ளி தானாக வரும்’ என்பது அடிக்கடி கேட்கும் வாதம். சாலையைத் தொடர்ந்து வருவது தனியார் பள்ளியின் மஞ்சள் பேருந்துதான். அதற்குக் கட்டணம் செலுத்த இயலாதவர்களின் பள்ளி அப்படி வருவதில்லை. தங்கவயலில் இதற்கு இன்னொரு கடுமையும் உண்டு. சுரங்கம் மூடியபின் இந்த ஊரின் உழைப்பு ரயிலேறிவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் வண்டிகளில், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிறுத்தங்களில் ஏறி, ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பெங்களூருவுக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறார்கள். பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் தாயும் தந்தையும் ஊரில் இல்லாத வீடுகள் ஏராளம். பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துப்போக ஆளில்லாத ஊரில், பள்ளியின் தொலைவு மற்ற ஊர்களைவிடக் கனமானது. ஒன்று முதல் ஐந்து வகுப்புவரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்ட விதிகளின் பொது அளவு. சாம்பியன் ரீப்ஸில் அந்த ஒரு கிலோமீட்டருக்கு நடுவே வேலியிட்ட சுரங்க நிலமும், பாழடைந்த கட்டடங்களும், சயனைடு மலையும் குறுக்கிடலாம். வரைபடத்தின் நேர்க்கோட்டில் பிள்ளைகள் நடப்பதில்லை.

அடுத்தது மொழி. இதில் கொஞ்சம் நேர்மை வேண்டும். தமிழ்வழி வகுப்புகள் மெலிந்ததற்கு அரசை மட்டும் குற்றஞ்சாட்டுவது வசதியான பேச்சு. பெங்களூருவில் வேலை தேடப்போகும் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் பெற்றோரே. பயிற்றுமொழியைத் தெரிவு செய்யும் அவர்களது உரிமையை 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வும் உறுதிசெய்துவிட்டது. கன்னடத்தைக் கற்பதும் இந்த மாநிலத்தில் வாழ்பவருக்குக் கடமையும் நன்மையுமாகும். கோகாக் அறிக்கையை ஒட்டிய எண்பதுகளின் காயங்களை மீண்டும் கீறுவதால் எந்தப் பிள்ளையும் நான்கு எழுத்து கூடுதலாகக் கற்கப் போவதில்லை. ஆனால் பயிற்றுமொழியாகத் தமிழ் சுருங்கியது வேறு, பாடமாகக்கூடத் தமிழ் இல்லாமற்போவது வேறு. கர்நாடகத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் தமிழை முதல் மொழியாக எழுத இன்றும் வழியுண்டு. கற்பிக்க ஆசிரியர் இருந்தால்தான் அந்த வழிக்குப் பொருள். வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர் இருந்தால் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தரவேண்டும் என்பது 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஏற்ற அளவுகோல். அரசியலமைப்பின் 350-அ பிரிவு அந்தக் கடமையை மாநிலத்தின்மீது வைக்கிறது. சிறிய பள்ளிகளை ஒருங்கிணைத்துப் பெரிய வளாகங்கள் ஆக்கும்போது, இந்த எண்ணிக்கையை எந்தப் பள்ளியில் எண்ணுவது என்ற சிக்கல் பிறக்கிறது. மூன்று பள்ளிகளில் சிதறியிருக்கும் நாற்பது தமிழ்ப் பிள்ளைகளை ஒரே கூரைக்குக் கீழ் சேர்த்தால் ஒரு ஆசிரியர் பணியிடத்துக்கு வாதாடலாம். சேர்க்கும்போது எண்ணாமல் விட்டால் மூன்று இடத்திலும் பூஜ்யம். இணைப்பு நல்லதா கெட்டதா என்று பொதுவில் சண்டையிடுவதைவிட இந்த எண்ணிக்கையைக் கையில் வைத்திருப்பது பயன் தரும்.

இங்கேதான் நகரசபைக்கு வேலை இருக்கிறது. ஆசிரியரை நியமிக்க அதனால் முடியாது, எண்ண முடியும். எந்த வார்டில் பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், வீட்டில் என்ன மொழி, எந்தப் பள்ளிக்கு எந்தத் தெரு வழியாகப் போகிறார்கள் என்பதை வார்டு உறுப்பினரைவிட நன்றாக அறியக்கூடியவர் யாருமில்லை. அந்தக் கணக்கைத் தீர்மானமாக நிறைவேற்றிக் கல்வித்துறைக்கு அனுப்பினால், தனியொரு பெற்றோரின் மனுவுக்கு இல்லாத எடை அதற்கு உண்டு. புதிய லேஅவுட்டுகளில் சி.ஏ. சைட் என்று பொதுவசதிக்கு ஒதுக்கப்படும் மனை பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ போகிறதா, அல்லது சில ஆண்டுகளில் கல்யாண மண்டபமாக முளைக்கிறதா என்று பார்க்கவேண்டியதும் மன்றமே. சாலைப் பட்டியலை வகுக்கும்போது பள்ளிக்குச் செல்லும் தெருவுக்கு நடைபாதையும் விளக்கும் முதலில் என்று எழுத அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. சாலை அதன் சொந்தப் பொருள்.

கூட்டத்தின் மொழியையும் சொல்லியாகவேண்டும். மன்றத்தின் குறிப்பேடு கன்னடத்தில் இருப்பது முறை. ஆனால் ஒரு பகுதியின் மக்கள்தொகையில் 15 முதல் 20 விழுக்காடு சிறுபான்மை மொழியினராக இருந்தால் முக்கிய அறிவிப்புகளை அம்மொழியிலும் வெளியிடலாம் என்று 1956-ஆம் ஆண்டின் மத்திய அரசுக் குறிப்பாணை வழிகாட்டியிருக்கிறது. தங்கவயலில் தமிழர் எண்ணிக்கை அந்த வரம்பை எப்போதோ தாண்டியது. சாலை டெண்டருக்கு மறுப்புச் சொல்லும் கால அவகாசம் எப்போது முடிகிறது என்பது லைனில் இருக்கும் ஒரு பாட்டிக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தால், நகரசபைக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு தாளும் கொஞ்சம் பசையும்.

இவற்றைத் தள்ளிப்போட நேரமில்லை. 1,003 ஏக்கரில் பரவியிருக்கும் 13 கழிவு மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் பிரிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை வரும் என்று ஊர் மகிழ்ந்தது. மகிழ உரிமை உண்டு. மேடுகளை அள்ளத் தொடங்கினால் லாரிகள் வரும். லாரிகளுக்காகச் சாலைகள் அகலமாகும். காற்றடி காலத்தில் கண்ணில் விழும் வெண்தூள் அந்தச் சாலைகளிலும் பறக்கும். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் லாரி ஓடலாம், காலை ஒன்பது மணிக்கும் மாலை நாலரைக்கும் எங்கே நிற்கவேண்டும் என்பது மன்றத்தில் பேசப்படவேண்டிய பொருள். பேச்சு எழும் நாளில் சாம்பியன் ரீப்ஸ் பள்ளிகளின் வழித்தடம் மேசைமீது இருக்க, அதை இப்போதே வரையவேண்டும்.